ஆறாவது கேள்வி

நவம்பர் 3, திங்கள்

அலுவலக டைரியில் இன்று எழுதியது இவ்வளவுதான்: "முற்பகல் மருத்துவக் காரணமாக அனுமதி. பிற்பகல் உட்பிரிவு மனுக்கள் பரிசீலனை." நில அளவையர் டைரிக்கு அது போதும். மாதக் கடைசியில் மேலதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். மீதியை இதில் எழுதுகிறேன். உப்பளக்காரர் ஒருவர் புதுவருடத்துக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. பத்து மாதமாக ஒரு எழுத்து விழாமல் பீரோவில் கிடந்தது.

கழுத்தில் இருக்கிற கட்டியில் ஊசி விட்டு மாதிரி எடுத்தார்கள். தைராய்டு. ஸ்கேனில் 22 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அளவு சொல்லிவிட்டார்களே என்று எனக்கு ஒரு சின்னத் திருப்தி. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும். அவரிடம் சொல்லவில்லை. அவர் தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு நேற்றுத்தான் நாக்பூருக்குக் கிளம்பினார். லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டில் இது ஒரு வழக்கம். வண்டி லோடோடு ரோட்டில் இருக்கும்போது கெட்ட சேதி சொல்லக் கூடாது. அவருடைய தங்கைக்குக் கால் முறிந்தபோதுகூட லோடு இறக்கிய பிறகுதான் சொன்னோம். அதுவும் இது கெட்ட சேதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும்.

நான் லாரி ஓட்டுகிறவள். கம்ப்யூட்டரில். அவர் மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருக்கிறாரே, அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஆறு வருடம் முன்னால் இந்த விளையாட்டை வாங்கினேன். மாலை ஏழு மணிக்கு அவர் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டிவிட்டு போன் போடுவார். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஓட்டுவேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த கியரில் போகிறேன் என்று சொல்லிவிடுவார். "இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுட்டு இருக்காதட்டி. கியரக் குறை," என்பார். ஆறு வருடமாக இதே பாட்டு.

இந்த மாதம் 21ஆம் தேதி அதில் மலைப்பாதை வருகிறது. பனி, சுரங்கம், கொண்டை ஊசி வளைவு எல்லாம் உண்டாம். என்னுடைய ஒன்பது வருடப் பழைய கார்டில் அது தொடங்கவே தொடங்காது. இப்போதே மரமெல்லாம் அட்டையில் வெட்டி வைத்தாற்போலத்தான் தெரிகிறது. காற்றாடி மிக்ஸி போலக் கத்துகிறது.

மாற்றுக்கு இரண்டு கார்டுகள். சின்னது எட்டு ஜிபி. பெரியது பதினாறு ஜிபி. இரண்டில் ஒன்று. இவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒன்பது விமர்சன வீடியோ பார்த்துவிட்டேன். ஒருத்தர் பேச்சும் இன்னொருத்தர் பேச்சோடு ஒத்துப்போகவில்லை. எல்லாருமே கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றார்கள். இன்றைக்கு ஓட்ட சின்னதே தாராளம், நாளைக்கும் ஓட்ட வேண்டுமென்றால் பெரியது.

வழக்கமாக என்றால் யோசித்திருக்கவே மாட்டேன். வீட்டில் இரண்டே பேர், குக்கர் ஏழரை லிட்டர். பிரிட்ஜ் கதவைத் திறந்தால் சமையலறையில் ஆள் நிற்க இடமில்லை. "வடிவு கடைக்குப் போனா கடைக்காரன் பின்பக்க ஷட்டரத் தெறப்பான்," என்று அவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இந்தத் தடவை நிதானமாக முடிவெடுக்கலாம் என்று நினைக்கிறேன். நாற்பத்தாறு வயதில் நிதானம் வருவதில் தப்பில்லை.

விழுங்கும்போது லேசாக உறுத்துகிறது. ஊசி போட்ட இடம் என்பதால் இருக்கும்.

நவம்பர் 5, புதன்

கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நிர்வாகி மெல்வின் என்று ஒருவர், மணப்பாட்டுக்காரராம். ஆலோசனை கேட்க வேண்டுமானால் முதலில் ஒரு படிவத்தை நிரப்பிப் போட வேண்டும். ஆறு கேள்விகள். எவ்வளவு செலவழிக்க முடியும், திரையின் அளவு என்ன, பவர் சப்ளை எத்தனை வாட், கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, என்ன விளையாட்டு ஆடுவீர்கள். ஆறாவது: இந்தக் கார்டை எத்தனை வருடத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

ஐந்துக்குப் பதில் எழுதிப் போட்டேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். "விவரம் போதவில்லை. ஆறாவது கேள்வி காலி" என்று மெல்வினிடமிருந்து தகவல்.

ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் திருப்பி அனுப்புகிறவள் நான். இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். சுள்ளென்று கோபம் வந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை. கைவேலை ஒன்றும் ஓடவில்லை. கேபினெட் மேல் தூசி துடைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

ரிப்போர்ட் வாங்கப் போனேன். எடுத்த மாதிரி போதவில்லையாம். மறுபடி எடுக்க வேண்டும் என்று லேபில் இருந்த பெண் சீட்டு எழுதிக் கொடுத்தாள். திங்கள்கிழமை காலை ஒன்பது மணி. "பயப்படாதீங்கம்மா, சிலருக்கு இப்படி ஆவும்," என்றாள். நான் பயப்படுவதாக அவளிடம் சொல்லவில்லையே.

மாலை அவர் போன் செய்தார். நாக்பூர் போய்விட்டார். உப்பு இறக்கியாகிவிட்டது, ஆரஞ்சு லோடுக்காகக் காத்திருக்கிறார். அதாவது இன்று வண்டி காலி. சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? மாதிரி போதவில்லை என்றா? அரைகுறை மனுவை மேலே அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

"இன்னைக்கு வண்டி எடுக்கலியா? சத்தத்தக் காணுமே," என்றார்.

"கார்டு சூடாகுது. கொஞ்சம் ஆறட்டும்னு விட்டுருக்கேன்."

"கார்டு சூடாகுதா, நீயா?"

சிரித்துவிட்டு வைத்தேன்.

நவம்பர் 8, சனி

வண்ணார்பேட்டையில் ரோஸ்லின் கடைக்குப் போனேன். முப்பது வயதுப் பெண், தனியாகக் கடை நடத்துகிறாள். முன்பு என் கம்ப்யூட்டருக்கு மெமரி மாற்றிக் கொடுத்தவள். இரண்டு கார்டையும் பெட்டியோடு மேஜையில் எடுத்து வைத்தாள். பெரிய பெட்டி நிஜமாகவே பெரியது. ஆளுயரப் புடவைப் பெட்டி போல இருந்தது என்று எழுத வந்தேன், அது பொய். என் முழங்கை நீளம்.

"அக்கா, சின்னது இன்னைக்குத் தேதிக்கு சூப்பரா ஓடும். ரெண்டு வருசம் கண்ண மூடிட்டு ஓட்டலாம். அதுக்கப்புறம் வார கேமுக்கு மெமரி பத்தாது. பெருசுன்னா ஆறு ஏழு வருசத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"சரி."

"நீங்க எத்தன வருசம் வச்சுக்கிடுவீங்க? அதச் சொன்னா நான் இப்பவே சொல்லிருவேன்."

கடைக்கு வெளியே ஒரு ஆட்டோக்காரர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெரு முனை வந்த பிறகுதான் குடையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க முடியவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

ஏன் எல்லாரும் இதையே கேட்கிறார்கள்?

நவம்பர் 9, ஞாயிறு

முடிவாகிவிட்டது. சுலபமாகவே முடிந்தது.

காலையில் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஆபீஸ் ஸ்டீல் டேப்பை எடுத்துப் பின்புறத்திலிருந்து உள்ளே அளந்தேன். 288 மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் 288. பெரிய கார்டின் நீளம் 304. பதினாறு மில்லிமீட்டர் இடிக்கிறது. சின்னது 240. கச்சிதமாக உட்காரும்.

ஆக இது என் முடிவே இல்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். படிவத்தில் நாலாவது கேள்விக்கே விடை வந்துவிட்டதால் ஆறாவதுக்கு வேலை இல்லை. மனது லேசாகிவிட்டது. ரசம் வைத்து, அப்பளம் பொரித்துச் சாப்பிட்டேன்.

ஏழு மணிக்கு அவர்.

"கார்டு என்னட்டி ஆச்சு?"

"சின்னதே போதும்னு பாக்கேன்."

அந்தப் பக்கம் டீ கிளாஸை வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்கள்.

"சின்னதா?" என்றார்.

"பெருசு உள்ள போவாதுங்க. பதினாறு மில்லிமீட்டர் இடிக்கி. அளந்துட்டேன்."

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்." பிறகு, "உடம்பு நல்லாருக்கால்லா?"

"நல்லாருக்கு. உங்களுக்கு?"

"எனக்கென்ன. லோடு நாளைக்கு ஏறிரும்."

வழக்கமாக அரைமணி நேரம் பேசுகிறவர் ஐந்தே நிமிடத்தில் வைத்துவிட்டார். சிக்னல் சரியில்லை போல.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி ஊசி. இந்தத் தடவை நாலு இடத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஓடுகிற காற்றாடியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான், மூன்றையே எத்தனை தடவை எண்ணுவது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆரஞ்சு ஏற்றிவிட்டாராம். மதுரையில் இறக்க வேண்டும். வண்டி இப்போது ரோட்டில்.

நவம்பர் 12, புதன்

கிராமத்துக்கு அளவைக்குப் போனேன். மச்சான்மார் இரண்டு பேருக்குள் தகராறு. ஒருத்தர் சுவர் கட்டிவிட்டார், இன்னொருத்தர் அது தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்கிறார். சுவர் கட்டினவர் என் கூடவே நடந்து வந்து, டேப்பின் நுனியைச் சுவரில் பிடித்துக்கொண்டார்.

"அளவு சுவரு வரைக்கும்தானம்மா?"

"சுவத்த யாரு வேணா எங்கன வேணா கட்டலாம். கல்லு எங்கன இருக்குன்னு பாக்கணும்."

"கல்லெல்லாம் எப்பவோ போயிட்டும்மா."

"சர்வே புலப்படத்துல இருக்கு. தோண்டச் சொல்லுங்க."

தோண்டினார்கள். சுவரைத் தாண்டி, கட்டினவருடைய பக்கத்திலேயே ஒன்றரை அடி உள்ளே, வேலிக்கருவை வேருக்குள் எல்லைக்கல் இருந்தது. அந்த ஆள் முகம் தொங்கிப்போனது. நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன் என்று பிறகு தோன்றியது. அளவு முடித்துக் கிளம்பும்போது எதிர்வீட்டு அம்மா மோர் கொடுத்தாள். விழுங்கும்போது உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 13, வியாழன்

நாளைக்கு வெள்ளி. துவைத்தேன், மடித்தேன், மறுபடி பிரித்து மடித்தேன். அவருடைய சட்டை ஒன்றில் பித்தான் இல்லை. தைத்தேன். மீதி இருக்கிற சட்டைகளையும் எடுத்துப் பார்த்து, எல்லாப் பித்தான்களையும் இறுக்கித் தைத்து வைத்தேன். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் விவரம்.

புற்றுநோய்தான். தைராய்டில் வருகிறதில் இருக்கிறதிலேயே சாதுவான வகை என்றார். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டியிருக்கும். அவர் சொன்ன நல்ல வார்த்தைகளையெல்லாம் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் "வாழ்நாள் முழுக்க" என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. எல்லாரிடமும் எதிலும் அளவு கேட்கிறவள் நான், அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

நேராக ரோஸ்லின் கடைக்குப் போய்ச் சின்ன கார்டை வாங்கிவிட்டேன். என் குடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

"நல்லா யோசிச்சீங்களாக்கா?"

"இடம் இல்லம்மா. 288தான் இருக்கு."

"சரிக்கா. சீல் பிரிக்காம வச்சிருங்க. மனசு மாறுனா பத்து நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாரேன்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனமே இல்லை.

நவம்பர் 15, சனி

பெட்டி மேஜையில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

அவர் இன்று மதுரையில் இறக்கிவிடுவார், நாளை வீட்டுக்கு வருவார். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "ஒண்ணும் இல்ல, சின்ன விஷயம்தான்" என்று ஆரம்பிக்கலாம். அல்லது சாப்பிட்ட பிறகு. அல்லது அவர் தூங்கி எழுந்த பிறகு. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் என் கழுத்துத்தான் தெரிந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு. குளித்தார். இட்லி வைத்தேன், இரண்டு தின்றுவிட்டுப் போதும் என்றார். பிறகு மேஜையில் இருந்த பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதான் சின்னதா?"

"ஆமா."

"சீலு பிரிக்கலியே."

"பிரிக்கணும்."

பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"லோடு எறக்கியாச்சு, வடிவு. மதுரையில இன்னொரு லோடு குடுத்தான், வேண்டாம்னுட்டேன். வண்டி ஷெட்ல நிக்கி. இப்பச் சொல்லு."

"என்னத்தச் சொல்லச் சொல்லுதீங்க?"

"ரெண்டு பேருக்கு ஏழரை லிட்டர் குக்கர் வாங்குனவ நீ. சின்னது போதும்னு உன் வாயால இருபத்திரண்டு வருசத்துல நான் கேட்டதில்ல. அன்னைக்கு போன வச்சதுல இருந்து எனக்கு வண்டியே ஓடல. கேட்டா நீ சொல்ல மாட்ட, லோடு இருக்குன்னு. சரி, எறக்கிட்டே கேப்போம்னு வந்தேன்."

ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது, அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு நானே சொன்னேன். 22 மில்லிமீட்டர் என்றேன். இரண்டு தடவை ஊசி என்றேன். சாதுவான வகை என்றேன். அந்த வார்த்தையை மட்டும் நாலைந்து தடவை சொன்னேன் போலிருக்கிறது.

"எங்கன?" என்றார். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். விரலில் ஆரஞ்சுத் தோல் வாசனை.

"தனியாவா போனே ரெண்டு தடவையும்?"

"நாலு தடவ."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், பதினான்கு நாளும் சேர்த்து. சாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இந்த டைரியில் இத்தனை பக்கம் எழுதியும் எழுதாமல் வைத்திருந்தது அதுதான். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இப்போது எழுதிவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

விடுப்பு. காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேபினெட்டைத் தரையில் சாய்த்து வைத்து ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தார். டயர் கழற்றுகிற கைக்கு அந்தச் சின்ன ஸ்க்ரூவெல்லாம் பிடிபடவில்லை.

"எனக்கு முன்னால ஒரு தடவ அள," என்றார்.

டேப்பை வைத்தேன். 288.

அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "டேப்பு எதுல போயி முட்டுது?"

"பழைய ஹார்ட் டிஸ்க் வைக்கிற கூடு."

"அதுல டிஸ்க் இருக்கா?"

"இல்ல. அது பழுதாகி மூணு வருசமாச்சு. சும்மாதான் கெடக்கு."

"கூட்டுக்கு அங்குட்டு?"

"சும்மா இடம்தான்."

அவர் டார்ச்சை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். தகரக் கூடு, நாலு ஸ்க்ரூ. நான்தான் கழற்றினேன். கூட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தகடு வரைக்கும் அளந்தேன். 361.

இருபது வருடச் சர்வீஸில் எல்லைக்கல் வரைக்கும் அளக்காமல், நடுவில் நிற்கிற எதிலோ டேப்பை முட்டவிட்டுக் கணக்கு எழுதியதில்லை. இதுதான் முதல் தடவை. மூன்று முறை அளந்து மூன்று முறையும் அதையே எழுதியிருக்கிறேன். போன புதன்கிழமை அந்த ஆளை வெயிலில் நிறுத்திவைத்துப் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. கூச்சமாக இருந்தது.

அது தெரியாமல் வந்த தவறுதானா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தோசை கருகிவிட்டது. வேறு ஊற்றினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இருவருமாக டாக்டரம்மாவைப் பார்த்தோம். 26ஆம் தேதி ஆபரேஷன், 25 சாயங்காலம் சேர வேண்டும். நான் கேட்காமல் விட்டதை என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். முதலாளியிடம் டீசல் விவரம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இவளுக்கு எத்தன வருசம் டாக்டர்?"

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். டாக்டரம்மா சிரித்தார். "ஆபரேஷன் முடிஞ்சு, எடுத்ததப் பரிசோதிச்சாத்தான் முழுசாச் சொல்ல முடியும். யாருக்கும் நான் சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆனா எங்கிட்ட இதே வகை வந்து, பத்துப் பன்னிரண்டு வருஷமா மாத்திரைக்கு மட்டும் வந்துட்டுப் போறவங்க நெறையப் பேர் இருக்காங்க. ஒருத்தங்க பேத்தி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வச்சாங்க."

சத்தியம் பண்ண மாட்டேன் என்று டாக்டரம்மா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. பயம் போகவில்லை. இருக்கிறது. ஆனால் இனி இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம்.

நவம்பர் 19, புதன்

ரோஸ்லின் கடை. சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கினோம். அதற்குப் பவர் சப்ளையும் மாற்ற வேண்டுமாம், சரி என்றேன். பெட்டியை அவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கையில் பிடிக்கலாமே என்றால் கேட்கவில்லை.

"இப்பத்தான் எங்க வீட்டுச் சாமான் மாதிரி இருக்கு," என்று ரோஸ்லினிடம் சொன்னார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் சிரித்தாள்.

நவம்பர் 20, வியாழன்

கார்டு மாட்டியாகிவிட்டது. முதலில் திரை கருப்பாகவே இருந்தது. பழைய பழக்கத்தில் வயரை வேறு எங்கோ சொருகியிருக்கிறேன். மாற்றிச் சொருகினேன், வந்தது. காற்றாடி சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

மலைப்பாதை வந்துவிட்டது. ஆபீஸிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் போனில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருந்தார். உரித்த ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே பார்த்தார்.

ஏற்றம் நன்றாகவே ஏறினேன். பனி விழுவது ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. மரத்துக்கு மரம் வேறு வேறாக இருந்தது. உச்சியைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. முன்னால் வளைவு, அந்தப் பக்கம் பாதாளம். விளையாட்டுத்தான், தெரியும். ஆனாலும் காலை எடுக்க முடியவில்லை. 26ஆம் தேதியை நினைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

"கியரக் குறை," என்றார்.

குறைத்தேன்.

"இன்னும் ஒண்ணு."

இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டி மெதுவாக இறங்கியது. அடிவாரம் வர இருபது நிமிடம் ஆனது. தட்டில் சுளை தீர்ந்து, அவர் இன்னொரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 24, திங்கள்

ஆஸ்பத்திரிப் பை தயார். ரிப்போர்ட், ஸ்கேன், இரண்டு நைட்டி, போர்வை, பிளாஸ்க். பெரிய பிளாஸ்க்.

காலியாகக் கிடக்கிற கட்டம் ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கார்டு வாங்கியாகிவிட்டது, இனி யாரிடமும் ஆலோசனை தேவையில்லை. ஆனாலும் திருப்பி அனுப்பிய மனுவை நிரப்பாமல் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மாலை டீ குடித்துக்கொண்டே போனில் அந்தப் படிவத்தை மறுபடி திறந்தேன். நாலாவது கேள்விக்கு 361 என்று திருத்தினேன். ஆறாவதுக்கு வந்ததும் நின்றேன். பிறகு, ரோஸ்லின் சொன்னதை வைத்து "ஏழு" என்று போட்டேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழா?" என்றார். "ஏன்ட்டி இவ்வளவு சின்னதாப் போடுத?"

அழித்துவிட்டுப் பதினைந்து என்று போட்டேன். அவர் அசையவில்லை. அதையும் அழித்துவிட்டு இருபத்தைந்து என்று போட்டு அனுப்பினேன்.

இந்தத் தடவை மெல்வின் அழிக்கவில்லை. உடனே பதில் வந்தது. "சகோதரி, படிவம் முழுமை, பெரிய கார்டையே வாங்குங்கள். ஆனால் ஒன்று. எந்தக் கார்டும் இருபத்தைந்து வருடம் வராது."

கார்டு வராவிட்டால் மாற்றிக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன்.

நாளை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். பால்காரரிடம் பால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.